பொதுக் காரியங்கள் கெடுவதற்குக் காரணம் யாது?
(ராச்டேல் நெசவாளர் சரித்திரத்தால் அறியலாவன)



ஒரு குடும்பத்தின் பொருள் கெடுமாயின் அக்குடும்பம் ஒன்றே வருந்தும். பலர் கூடி நடத்தும் பொதுக் காரியம் கெடுமாயின், பொருள் போவதோடு அமையாது, ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையும் உடன் போகும். போன பொருளை உழைத்து மீட்டும் ஈட்டலாம். போன நம்பிக்கையோ ஒரு தலைமுறை கழிந்தும் திரும்புவது அரிது. சீட்டு, நிதி, பண்டகசாலை, கல்விச்சாலை, சத்திரம் முதலாகப் பலர் பொருளால் நடைபெறுவன பல நம் ஊர்களில் தோன்றின, அவற்றுட் சில நிலைத்தன, பல மறைந்தன. மறைந்தவற்றைப் பற்றி வினவுமிடத்து நம்மவர் கூறும் விடை பெரும்பாலும் ஒன்றே: “அவன் கெடுத்தான்” என்பது. இவ்விடை சில காலத்து உண்மையாயினும், ஆராய்ச்சி ஆகாது. அவன் கெடுக்குமாறு இடங்கொடுத்தது யாது என்னும் வினா அன்றோ பின்வருவார்க்குப் பயன்படுவது? அதனை ஒரு மெய்ச் சரித்திரத்தைக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்துள், மருத்துவன் முதற்கண் நோய் இன்னதென்று துணிந்து, பின்பு அது தோன்றிய காரணத்தைத் தேடி, அதன்பின் அதனைத் தணிக்கும் வழியை ஆராய்ந்து, பிழையாதபடி செய்யவேண்டும் என்னும் கருத்தை அமைத்தருளினார். உடலுக்குக் கூறிய இம்முறை சங்கங்களுக்கும் வணிக நிலையங்களுக்கும் ஒக்கும். அமெரிக்க தேசத்து ஹார்வர்டு சர்வகலாசாலையில் 1908இல் வணிகக் கலைக்கெனத் தனிக் கல்லூரி ஏற்பட்டபின், ஆசிரியர் விதிகளை ஓதுவிப்பதன் மேலாக, உண்மையில் நிகழ்ந்த வணிக நிகழ்ச்சி ஒன்றை மாணாக்கர்முன் வைத்து, “இங்கு இடர் யாது? நீவிர் அவ்விடத்து இருந்தால் யாது செய்வீர்?” என்று வினவும் முறை நாளடைவில் அங்கே வேரூன்றியது. அம்முறையையே யாமும் ஈண்டுக் கைக்கொள்வாம்.

இங்கிலாந்து தேசத்திலே, மாஞ்செஸ்டர் நகரத்துக்கு வடபால் ராச்டேல் என்பதோர் ஊர் உளது. பிளானல் என்னும் கம்பளித் துணி நெய்தல் அவ்வூரார்க்குத் தலைமுறை தலைமுறையாக வந்த தொழில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயந்திரத் தறிகள் பெருகவே, கைத்தறியாளர் கூலி குறைந்தது. குறைந்த கூலியைக் கொண்டு அவர் வாங்கிய உணவுப் பண்டமோ விலை மிக்கதாகவும் கலப்புடையதாகவும் இருந்தது. மாவினும் தேயிலையினும் வேறு பொருள் கலப்பதும், எடையிற் குறைப்பதும் அந்நாளைய கடைகளில் மலிந்திருந்தன. வாரக் கூலி போதாதவன் கடனுக்கு வாங்குவான். கடன்பட்டவன் அக்கடையை விட்டு வேறு கடைக்குச் செல்லமாட்டான். செல்லமாட்டாதவனுக்குத் தாழ்ந்த பண்டத்தை உயர்ந்த விலைக்கு விற்றல் எளிது.

இவ்விடர் தீரவேண்டி அந்நெசவாளர் 1830இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டு, 1833இல் டோட் லேன் என்னும் தெருவில் ஒரு கடையும் திறந்தனர். அக்கடை இரண்டாண்டில் மூடப்பட்டது. அவர்கள் திருடரல்லர், சோம்பருமல்லர். தம்முள் ஒருவரையொருவர் நன்கறிந்தோர். அவ்வறிமுகமே கேடாய் முடிந்தது. அறிந்தவன் கடன் கேட்டால் இல்லையென்று சொல்லுதல் எவர்க்கும் அரிது அன்றோ? கொடுத்த கடன் திரும்பவில்லை. கடை வாங்கிய பண்டத்துக்கு விலை கொடுக்க முதல் இல்லையாயிற்று.

ஈண்டு என் வரலாறு ஒன்றைக் கூற அன்பர்கள் பொறுத்தருளவேண்டும். யான் ஆசிரியப் பணி ஏற்ற சில ஆண்டுகளில், அக்காலத்து யான் இருந்த பள்ளியில் மாணவர் பண்டகசாலை ஒன்று தொடங்கப்பட்டது. குறிப்பேடு, எழுதுகோல் முதலியவற்றை மொத்தமாக வாங்கி மலிவாக விற்பது அதன் கருத்து. பொறுப்பு என்னிடம் வந்தது. முதற்றிங்கள் யாவும் செவ்வனே நடந்தன. இரண்டாந் திங்களில் என்னினும் மூத்த ஆசிரியர் ஒருவர் தம் மக்களுக்கு வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு, “பண்டிதரே, கணக்கில் எழுதிக்கொள்ளும், முதல் தேதி தந்துவிடுகிறேன்” என்றார். மூத்தவரை மறுத்தல் முறையன்று என்று எழுதிக்கொண்டேன். அவர்க்கு எழுதியபின் பிறர்க்கு எங்ஙனம் மறுப்பது? ஈராண்டு கழிவதன்முன் அலமாரி வெறுமையாயிற்று. கடன் ஏடு நிரம்பிற்று. குறைந்த தொகையை என் சம்பளத்தினின்றும் கட்டினேன். “பண்டிதருக்குத் தமிழ் வரும், கணக்கு வராது” என்று சிரித்தனர். யானும் பல்லாண்டு அதனையே நம்பியிருந்தேன். ராச்டேல் சரித்திரத்தைப் படித்த பின்னரே, பழைய கணக்கேட்டை எடுத்து மீட்டும் பார்த்தேன். அதில் ஒரு கூட்டற் பிழையும் இல்லை. கெட்டது கணக்கன்று, கடன் கூடாது என்னும் விதி ஒன்று எழுதப்படாமையே கேட்டின் முதல். அவ்விதி இருந்திருப்பின், “விதி இடந்தரவில்லை, ஐயா” என்று யான் பணிவோடு கூறியிருக்கலாம். மறுக்கும் சுமையை ஆளின் முகத்தாட்சண்யத்தின்மேல் வைத்தோம்; விதியின்மேல் வைத்தோமில்லை.

ராச்டேல் நெசவாளர் பெரியோராயினது இவ்விடத்தேதான். முதற்கடை வீழ்ந்தபின் அவர் “கூட்டுறவு நமக்கு ஒவ்வாது” என்று கைவிட்டாருமல்லர். “கடை நடத்தினவர் தீயர்” என்று ஒழிந்தாருமல்லர். 1844இல் இருபத்தெண்மர் கூடினர். முன்னைய கடையிற் பங்குகொண்ட சார்லஸ் ஹோவார்த் முதலியோரும் அவருள் இருந்தனர். வீழ்ச்சியைக் கண்ணாற் கண்டவர் புதிய கூட்டத்தில் இருந்தமை அவர்க்குப் பெருந்துணையாயிற்று. வாரந்தோறும் சில பெனிகளாகச் சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுனாக 28 பவுன் முதல் திரட்டினர். 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆந் தேதி இரவில், அதே டோட் லேன் தெருவில், ஒரு பண்டசாலையின் கீழ்த்தளத்தில் கடை திறந்தனர். வைத்திருந்த சரக்கு மா, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மா, மெழுகுவத்தி என்னும் இவ்வளவே. தெருப்பிள்ளைகள் கூடி நகைத்தனர் என்று சரித்திரம் கூறுகின்றது.

இனி அவர் வகுத்த விதிகளை நோக்குவாம். ஒவ்வொரு விதியும் ஒவ்வொரு பழைய நோய்க்கு மருந்தாய் அமைந்திருத்தலைக் காணலாம். கடன் கொடுப்பதும் வாங்குவதும் கூடா என்றனர். இது முன்னைய கடையைக் கொன்ற நோய்க்கு மருந்து. கலப்பற்ற பண்டத்தை நிறையெடையில் விற்றல் வேண்டும் என்றனர். இஃது ஊர்க் கடைகளின் நோய்க்கு மருந்து. பண்டத்தைச் சந்தை விலைக்கே விற்று, செலவும் முதலுக்குரிய மட்டான வட்டியும் போக எஞ்சிய ஊதியத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பங்கிட்டனர். இஃது ‘இக்கடையில் வாங்குவதால் எனக்கு யாது பயன்?’ என்று உறுப்பினர் விலகிப்போகும் நோய்க்கு மருந்து. பங்கு மிகுதியாக உடையவர்க்கும் ஒருவர்க்கு ஒரு வாக்கே என்றனர். இது செல்வன் ஒருவன் சங்கத்தைத் தனதாக்கிக்கொள்ளும் நோய்க்கு மருந்து. கணக்கைக் காலாண்டுதோறும் கூட்டத்தில் வைத்தனர். தணிக்கை செய்வாரையும் நியமித்தனர். பின்னர் ஊதியத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்கினர். அறியாத உறுப்பினன் கையில் உள்ள வாக்கும் கேடு பயக்கும் என்பதை உணர்ந்தமையால்.

இவற்றுட் பெரும்பாலன அவர் புதிதாகக் கண்டன அல்ல என்பது அறியத்தக்கது. வாங்கிய அளவுக்கேற்ப ஊதியம் பகிர்தலும் வேறிடங்களில் முன்னரே ஆங்காங்கு வழங்கியதுண்டு. அவர் பெருமை, சிதறிக் கிடந்த மருந்துகளைத் தம் நோயறிந்து ஒன்றுகூட்டி, எழுத்தில் அமைத்து, அவ்வெழுத்துக்குத் தாமே அடங்கி நடந்தமையிலே உள்ளது. 28 பேராய்த் தொடங்கிய சங்கம் 1845இல் 74 பேரும், 1850இல் 600 பேரும், 1860இல் 3,450 பேரும் உடையதாயிற்று.

ஆயினும், மருந்து எதுவும் விலையின்றிக் கிடைப்பதில்லை. கடனில்லை என்னும் விதியால், வாரக் கடைசிவரை கையில் காசில்லாத மிக வறியவர் அக்கடைக்கு வர இயலாதவராயினர். கடையை நிலைநிறுத்திய விதியே யாருக்காகக் கடை வேண்டுமோ அவருட் சிலரைப் புறத்தே நிறுத்தியது. இதனை மறைத்துப் புகழ்தல் சரித்திரமாகாது. ஒரு திருத்தத்தைக் கூறுவோர் அதனால் யார் இழப்பர் என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

1849இல் அவ்வூரில் ஒரு பேரிடர் நேர்ந்தது. ராச்டேல் சேமிப்பு பாங்கி ஏழைகளின் சிறுசேமிப்பை ஏற்று வந்தது. அதனை நடத்தியவர் ஊரார் பெரிதும் நம்பிய ஆலை முதலாளி ஒருவர். அவர் இறந்தபின் கணக்கை நோக்க, ஏறக்குறைய 71,000 பவுன் கையாடப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. பாங்கி மூடப்பட்டது. நெசவாளர் கடையோ நின்றது. மக்கள் தம் சேமிப்பை அங்குக் கொண்டுவரலாயினர். 1848இல் 140ஆக இருந்த உறுப்பினர் தொகை 1849இல் 390 ஆயிற்று. பாங்கி ஒரு பெரியவரின் பெயரை நம்பியது. கடை காலாண்டுதோறும் விரித்துக் காட்டிய கணக்கை நம்பியது. இவ்விரண்டனுள் எது நிலைக்கும் என்பதைக் காலம் காட்டிற்று.

இத்தகைய படிப்பினை நம் நாட்டிலும் உண்டு. சென்னையில் பெருமைபெற்று விளங்கிய ஆர்பத்நட் கம்பெனி 1906ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆந் தேதி கொடுக்கல் வாங்கலை நிறுத்தியது. அதன் லண்டன் கூட்டாளி வேறு பெயரில் நடத்திய நிலையத்தின் இழப்பு, சென்னையில் பணம் வைத்தார் தலைமேல் வந்து வீழ்ந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பொருளிழந்தன. கம்பெனித் தலைவர் சிறைத்தண்டம் பெற்றார். ஆயினும் நம்மவர் அவரைப் பழிப்பதோடு நின்றிருப்பின் பயன் யாது? பொருள் இழந்தார்க்காக வாதாடிய வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்று, 1907இல் இந்தியன் பாங்கியை நிறுவினர். வீழ்ச்சியை ஆராய்ந்தோர் கையில் அதுவே வித்தாகும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

மீட்டும் ராச்டேலுக்குச் செல்வாம். 1850இல் அவர் மாவு ஆலை ஒன்று தொடங்கினர். முதற்கண் இழப்பு மிகுந்தது. ஆலையை மூடிவிடலாம் என்றனர் சிலர். வேறு சிலர், மூடுவதன்முன் இழப்பு எங்கிருந்து வருகின்றது என்று பார்ப்போம் என்று தடுத்தனர். தானியம் நன்கு தேர்ந்து வாங்கப்படாமையும் அரைக்கும் தொழிலில் தேர்ச்சியின்மையும் காரணமெனக் கண்டு திருத்தினர். ஆலை பிழைத்து ஊதியம் தரலாயிற்று. ஈண்டு நோய் விதியில் இல்லை. தொழிலறிவின் குறையில் இருந்தது. எல்லா நோய்க்கும் விதி திருத்தலே மருந்தென்று எண்ணுவாரும் பிழைப்பர் என்பது இதனாற் பெறப்படும்.

இனிக் கூறப்போவது இச்சரித்திரத்தின் துயரமான பகுதி. படிப்பினையில் அதுவே தலையாயது. 1854இல் அந்நெசவாளர் நூற்பு, நெசவு ஆலைக்கெனத் தனிச் சங்கம் ஒன்று கண்டனர். ஆலையின் ஊதியத்தில் முதலிட்டோர்க்கு ஒரு பங்கும் உழைப்போர்க்கு ஒரு பங்கும் என்பது அதன் உயிர்க் கொள்கை. தொழில் வளர்ந்தது, பெரிய ஆலை எழுப்பப் பெருமுதல் வேண்டியிருந்தது. புதிய பங்காளிகள் வந்தனர். அவர் பெரும்பாலும் ஆலையில் உழைப்பவரல்லர். ஊதியம் கருதி முதலிட்டோர். “எம் பணத்தின் ஊதியத்தை உழைப்பவர்க்கு ஏன் பகிரவேண்டும்? அவர்க்குத்தான் கூலி உண்டே” என்றனர். முதன்முறை அவர் முயற்சி பலிக்கவில்லை. 1862இல் உழைப்போர் பங்கு அறவே நீக்கப்பட்டது. நீக்கியவர் கள்ளர் அல்லர். விதிப்படி கூடி, விதிப்படி வாக்களித்தே நீக்கினர்.

அன்பர்கள் ஈண்டுச் சற்றே நின்று எண்ணல் வேண்டும். ஊர் ஒன்று, தொடங்கினார் ஒரு கூட்டத்தார், காலமும் ஏறக்குறைய ஒன்றே. கடையின் கொள்கை நிலைக்க, ஆலையின் கொள்கை ஏன் அழிந்தது? புதிய பங்காளிகளின் பேராசை என்று கூறி முடிப்பது எளிது. ஆயின் கடைக்கும் புதிய உறுப்பினர் ஆயிரக்கணக்கில் வந்தனரே. அவரெல்லாம் ஆசையற்ற முனிவரோ? அல்லர். வேறுபாடு அமைப்பில் இருந்தது. கடையிலே வாக்களிப்பவனும் பண்டம் வாங்குபவனும் ஒருவனே. ஆதலின் வாங்குவோர்க்குரிய பங்கை நீக்க அவன் ஒருகாலும் வாக்களியான். ஆலையிலே வாக்கு ஒருவர் கையில், உழைப்பு வேறொருவர் கையில். யாருடைய நன்மைக்காகக் கொள்கை ஏற்பட்டதோ அவர் வாக்காளருட் சிறுபான்மையினர் ஆயினர். அன்றே அக்கொள்கை அழிவை நோக்கி நடந்தது. 1862 அதன் முடிவு நாள் மட்டுமே. வீழ்ந்த நாளை நோய் பிறந்த நாளாக மயங்கலாகாது என்பது இதனால் விளங்கும். ஆலைக்கு முதல் தேடிய காலத்திலேயே, பங்கு கொள்வோர் யாவர், அவர்க்கும் நம் கொள்கைக்கும் உள்ள தொடர்பு யாது என்று வினவியிருத்தல் வேண்டும்.

இவ்வாலை தோற்றதெனினும் கடை வழி தோன்றிய இயக்கம் ஓங்கியது. 1863இல் வட இங்கிலாந்துச் சங்கங்கள் பல கூடி மாஞ்செஸ்டரில் மொத்த வியாபாரச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தன. ஹோலியோக் என்னும் அறிஞர் எழுதிய ராச்டேல் சரித்திரம் பல நாடுகளுக்குச் சென்றது. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904இல் அன்பர் சிலர் கூடி நிறுவிய நகரக் கூட்டுறவுச் சங்கமும் ராச்டேல் நெறியைப் பின்பற்றி எழுந்ததே. டோட் லேனில் உள்ள அப்பழங்கடை இந்நாளில் காட்சிசாலையாக விளங்குகின்றது.

இதுகாறும் கூறியவற்றால், ஒரு பொதுக் காரியத்தில் இடர் நேர்ந்தவழி ஆராயும் நெறி ஒருவாறு புலனாகும். நிகழ்ந்தது யாது, அதுபற்றி மக்கள் கூறுவது யாது என்னும் இரண்டையும் முதலிற் பிரித்தல் வேண்டும். “பண்டிதருக்குக் கணக்கு வராது” என்பது மக்கள் கூற்று. கடன் ஏடு நிரம்பியது நிகழ்ச்சி. அடுத்து, இவ்வாளை நீக்கி வேறொருவரை வைத்தால் இவ்விடர் நீங்குமா என்று வினவுதல் வேண்டும். நீங்குமென்றால் குறை ஆளில் உள்ளது. நீங்காதென்றால் அமைப்பில் உள்ளது. என் பண்டகசாலையில் எத்துணைப் பெரிய கணக்கரை வைத்திருப்பினும் மூத்தவர்க்குக் கடன் மறுத்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். காரணம் துணிந்தபின், அதே நிலையிலிருந்து கெடாது நின்ற வேறொன்றோடு ஒப்பிட்டுத் துணிவைச் சோதித்தல் வேண்டும். ஆலையைக் கடையோடு ஒப்பிட்டது அவ்வாறே. இறுதியில் கூறும் மருந்து, நோயாளி உண்ணக்கூடியதாயிருத்தல் வேண்டும். ஏட்டில் அழகிய விதியாயினும், உறுப்பினர் அடங்கி நடக்கமாட்டாத விதி மருந்தாகாது.

ஓர் அச்சத்தையும் கூறி முடிக்கின்றேன். நம்மவருள் உறவு மிகுதி. தணிக்கை செய்பவர் பொக்கிஷதாரருக்கு மைத்துனராயும், கடன் கேட்பவர் காரியதரிசிக்குச் சிற்றப்பாராயும் இருத்தல் வியப்பன்று. கணக்கைக் காட்டுங்கள் என்று ஒருவர் கேட்பின், “என்னை நம்பவில்லையா?” என்று மனம் நோகின்றனர், கேட்டவரும் நாணி அமைகின்றனர். கணக்குக் கேட்டல் அவமதிப்பன்று. அது நடத்துபவர்க்கு நாம் செய்யும் பெருந்துணை. ராச்டேல் பாங்கித் தலைவரை அவர் வாழ்நாளில் ஒருவர் துணிந்து கணக்குக் கேட்டிருப்பின், எத்துணை ஏழைகள் பொருள் பிழைத்திருக்கும்! அவர் பெயரும் பழியினின்று பிழைத்திருக்கக்கூடும் அன்றோ?

ஆதலின், அடுத்த முறை நம் சங்கத்தின் ஆண்டுக் கணக்குக் கூட்டத்தில் வைக்கப்படும்போது, அதனைப் படித்ததாகக் கொள்ளலாம் என்று எவரேனும் முன்மொழிந்தால், அன்பர்கள் தயைகூர்ந்து மறுத்து, படிக்கச் சொல்லிக் கேட்பார்களாக. அரைமணி நேரம் மிகுதியாகும். உணவு சற்றே ஆறும். அதனாற் கெடுவது ஒன்றுமில்லை.